27 வயது, மேலே தெத்துப்பல், கீழே நெருக்கம்: கிளிப் போடலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

காவிரிக்கரை:
வயது 27. மேல்வரிசையில் இரண்டு கோரைப்பற்களும் வெளியே தூக்கி நிற்கின்றன, வலது பக்கம் நல்ல தெத்து. கீழே நான்கு வெட்டுப்பற்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. மெல்வதில் சிரமம் இல்லை. இரண்டு டாக்டர்கள், இரண்டு திட்டங்கள். முதலாமவர் நான்கு முன்கடைவாய்ப்பற்களை எடுத்துவிட்டு மெட்டல் கிளிப் என்கிறார்: 24 மாதம், 45,000 ரூபாய். இரண்டாமவர் பல் எடுக்காமலே அலைனர், அதாவது கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் தட்டு, என்கிறார்: 11 மாதம், 1,60,000 ரூபாய். இடக்குறைவு மேலே 7 மி.மீ., கீழே 6 மி.மீ. என்பதில் இருவருக்கும் ஒரே கணக்கு. மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையே முன்பின் தூரம் 3 மி.மீ. உதடு லேசாக முன்னே தள்ளினாற்போல் இருக்கும். பிரஷ் பண்ணும்போது கீழ்ப்பக்கம் ரத்தம் வரும். இதைச் செய்தே ஆகவேண்டுமா? செய்தால் எதைச் செய்வது?

தாடைக்கணக்கு:
மெட்டலா அலைனரா என்பதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். பல் நேராக வேண்டுமென்றால் மேலே 7, கீழே 6 மி.மீ. இடம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். எங்கிருந்து என்பதில்தான் உங்கள் இரண்டு டாக்டர்களும் பிரிகிறார்கள்.

வழிகள் கொஞ்சம்தான். பல் இடுக்குகளில் எனாமலை மெல்ல உரசுவது ஒன்று, ஐ.பி.ஆர். என்பார்கள். ஓர் இடுக்குக்கு 0.2 முதல் 0.5 மி.மீ. வரை எடுக்கலாம். கீழே கோரைப்பல் முதல் கோரைப்பல் வரை 5 இடுக்கு. ஒவ்வொன்றிலும் 0.4 எடுத்தாலும் 2 மி.மீ. தான் தேறும். முன்கடைவாய் இடுக்குகளையும் சேர்த்தால் 4 வரை போகலாம். அடுத்தது முன்பற்களை முன்னே சாய்ப்பது: 1 மி.மீ. சாய்த்தால் வரிசையின் சுற்றளவு ஏறக்குறைய 2 மி.மீ. கூடும். அகலப்படுத்துவதில் பெரிய லாபம் இல்லை. கடைவாய்ப் பகுதியில் 1 மி.மீ. அகலப்படுத்தினால் சுற்றளவில் 0.3 மி.மீ. அளவுதான் கிடைக்கும். அதுவும் 27 வயதில் அண்ண எலும்பின் நடுத்தையல் இறுகியிருக்கும், சாதாரண விரிப்பானில் எலும்பு விரியாமல் பல்தான் வெளியே சாயும். எலும்பில் சின்ன ஸ்க்ரூ வைத்துக் கடைவாய்ப்பற்களைப் பின்னுக்கு நகர்த்தினால் பக்கத்துக்கு 2 அல்லது 3 மி.மீ. கிடைக்கும், பெரும்பாலும் ஞானப்பல் போயாக வேண்டும். கடைசியாகப் பல் எடுப்பது. ஒரு முன்கடைவாய்ப்பல் சுமார் 7 மி.மீ. அகலம், ஆக ஒரு வரிசைக்கு 14.

இப்போது உங்கள் கணக்கு. நான்கும் எடுத்தால் மேலே 14 வரும், நெருக்கத்துக்கு 7 போகும், மீதி 7. அந்த மீதியில் முன்பற்கள் பின்னே வரலாம், கடைவாய்ப்பற்கள் முன்னே வரலாம். உதடு உண்மையிலேயே தள்ளியிருந்தால் அது லாபம், உதடு உள்வாங்கும். உதடு சமமாக இருந்தால் நஷ்டம், முகம் குழிவிழுந்தாற்போல் ஆகும். எடுக்காமல் செய்தால் உரசலில் 4 போக மீதியை முன்னே சாய்த்துத்தான் எடுக்கவேண்டும். ஏற்கெனவே தள்ளியிருக்கும் உதடு இன்னும் தள்ளும்.

இதைத் தீர்மானிப்பது பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே, செஃபலோகிராம். முன்பல் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று அதில் கோடு போட்டு அளப்பார்கள். இரண்டு பேரில் யாராவது எடுத்தார்களா?

காவிரிக்கரை:
முதலாமவர் ஓ.பி.ஜி.யும் (எல்லாப் பற்களும் தெரியும் எக்ஸ்ரே) செஃபலோகிராமும் எடுத்தார். இரண்டாமவர் ஸ்கேனரை வாயில் விட்டு ஸ்கேன் எடுத்து, பற்கள் நகர்வதை வீடியோவாகக் காட்டினார். செஃபலோகிராம் எடுக்கவில்லை.

தாடைக்கணக்கு:
அப்படியென்றால் இரண்டாவது திட்டம் இன்னும் திட்டமே ஆகவில்லை. ஸ்கேனில் பல்லின் மேற்பகுதி மட்டும்தான் தெரியும். வேர் எங்கே, எலும்பு எவ்வளவு, முன்பல் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதெல்லாம் அதில் வராது. வீடியோவில் பல் எங்கே வேண்டுமானாலும் போகும். வாயில் எலும்பு இருக்கும் இடத்துக்குள்தான் போகமுடியும்.

முதல் திட்டத்தையும் அப்படியே ஏற்க வேண்டாம். இடக்குறைவு 8 மி.மீ.க்கு மேல் என்றால் பல் எடுப்பதில் பெரிய விவாதம் இருக்காது. 4க்குக் கீழே என்றால் பெரும்பாலும் எடுக்கவே வேண்டாம். உங்களுடையது நடுவில் நிற்கிறது. அதனால் "ஏன் முதல் முன்கடைவாய்ப்பல், ஏன் இரண்டாவது இல்லை" என்று கேளுங்கள். இரண்டாவதை எடுத்தால் கடைவாய்ப்பல் அதிகம் முன்னே வரும், முன்பற்கள் குறைவாகப் பின்னே போகும். உதட்டைக் கொஞ்சம் மட்டும் உள்ளே கொண்டுவரவேண்டிய முகத்துக்கு அது பொருந்தும். இந்தக் கேள்விக்கு எண்ணோடு பதில் சொல்பவரிடம் தைரியமாகப் போகலாம்.

ஈறுமுதல்:
எல்லோரும் ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். பிரஷ் பண்ணும்போது ரத்தம் வருகிறது என்கிறார். ரத்தம் வரும் வாயில் கம்பி ஏற்றக்கூடாது.

காரணம் எளியது. பல் நகர்வதே எலும்பு ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் வளர்வதால்தான். ஈறு வீங்கியிருக்கும்போது அதே அழுத்தம் கொடுத்தால் கரைவது கரையும், வளர்வது வளராது. பல் நேராகும், ஆனால் ஆட ஆரம்பிக்கும். முதலில் ஈறு மருத்துவர் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் 6 இடத்தில் அளவுக்கம்பி விட்டுப் பார்க்கவேண்டும். 3 மி.மீ. வரை ஆழம் சரி. 4, 5 என்று வந்தால் முதலில் சுத்தம் செய்து, 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி அளந்து, ரத்தம் நின்ற பிறகுதான் கிளிப் பேச்சு. சர்க்கரை இருந்தால் எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 7க்குள் வரவேண்டும். எலும்புத் தேய்வுக்கு பிஸ்பாஸ்பனேட் வகை மாத்திரையோ ஊசியோ போடுபவர்கள் அதை மறக்காமல் சொல்லவேண்டும். அந்த மருந்து இருந்தால் பல் நகர்வதும் மந்தம், பல் எடுத்த இடம் ஆறுவதும் ஆபத்து.

இன்னொன்று. கீழ் முன்பற்களுக்கு வெளிப்பக்கம் ஈறு எவ்வளவு கெட்டி என்று பாருங்கள். அளவுக்கம்பியை ஈற்றுக்குள் விடும்போது அதன் சாம்பல் நிறம் வெளியே தெரிந்தால் மெல்லிய ஈறு. அந்த வாயில் கீழ்ப்பற்களை முன்னே சாய்த்தால் ஈறு இறங்கி வேர் தெரியும். இறங்கிய ஈறு தானாக ஏறாது, அண்ணத்திலிருந்து திசு எடுத்து ஒட்டவேண்டியிருக்கும். பல் எடுக்காத திட்டத்தின் விலையை ரூபாயில் மட்டும் பார்க்காதீர்கள் என்பது இதனால்தான்.

வடமராட்சி_லண்டன்:
செய்தே ஆகவேணுமா எண்டதுக்கு இங்கை ஒரு அளவுகோல் இருக்கு, சொல்லுறன். இங்கிலாந்திலை அரச சுகாதார சேவையிலை ஐ.ஓ.டி.என். எண்டு பாவிக்கிறவை, 1989 இலை வந்தது. 1 முதல் 5 வரை தரம். 18 வயசுக்குக் கீழை உள்ள பிள்ளையளுக்கு 4, 5 எண்டால் இலவசம். 3 எண்டால் தோற்றப் புள்ளி 6 அல்லது அதுக்கு மேலை இருந்தால்தான் குடுப்பினம். பெரியாக்களுக்கு மிக மோசமான நிலைமை தவிர சொந்தக் காசுதான்.

நெருக்கத்தை அதிலை எப்பிடி அளக்கிறதெண்டால், மொத்த இடக்குறைவை இல்லை. அடுத்தடுத்த இரண்டு பல்லு தொடவேண்டிய புள்ளியள் எவ்வளவு விலகி நிக்குது எண்டு, ஆக மோசமான ஒரு இடத்தை மட்டும். 1க்கு மேலை 2 மி.மீ. வரை தரம் 2. 4 வரை தரம் 3. 4ஐத் தாண்டினால் தரம் 4. மேல் முன்பல்லு 6 மி.மீ.க்கு மேலை தள்ளி நிண்டாலும் 4, 9ஐத் தாண்டினால் 5. எலும்புக்குள்ளை சிக்கின பல்லும் 5.

காவிரிக்கரைக்கு வலது கோரைப்பல்லு நல்லா வெளியிலை நிக்குது எண்டால் 4 வரலாம். டொக்டரிட்டைக் கேட்டு அந்த ஒரு இடத்தை அளந்து பாருங்கோ. 2 வந்தால் இது ஆரோக்கியத்துக்கான சிகிச்சை இல்லை, தோற்றத்துக்கானது எண்டு விளங்கிக்கொண்டு முடிவெடுக்கலாம். தோற்றத்துக்காகச் செய்யிறது பிழை எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. ஆனால் எதுக்குக் காசு குடுக்கிறம் எண்டு தெரிஞ்சிருக்கவேணும்.

நெல்லைச்சீமை:
இதுக்குப் போய் இவ்வளவா? தெத்துப்பல் அதிர்ஷ்டம்னு சொல்லுவாங்க. கடிக்க முடியுது, மெல்ல முடியுது, விட்டுரலாமே. அப்புறம் ஞானப்பல்லுதான் முன்னால இருக்கிற பல்லை நெருக்குது, அதை எடுத்தாலே சரியாயிடும்னு எங்க பக்கம் சொல்றாங்க.

தாடைக்கணக்கு:
விட்டுவிடுவதும் ஒரு நியாயமான முடிவுதான் அண்ணே. பல் கோணலாக இருந்தாலே சொத்தை வரும், ஈறு கெடும் என்று பயமுறுத்துவதற்கு வலுவான ஆதாரம் இல்லை. கோணல் பல்லையும் சுத்தமாக வைத்திருக்க முடியும், நேரான பல்லையும் கெடுக்க முடியும். தாடை மூட்டு வலிக்காகக் கிளிப் போடச் சொன்னாலும் யோசியுங்கள். கிளிப் அந்த வலியைத் தீர்க்கும் என்று யாரும் உறுதி தரமுடியாது.

விடக்கூடாதவை வேறு. கீழ்ப்பல் மேல் அண்ணத்தின் சதையில் குத்துவது. ஒரு பல் குறுக்கே கடித்து, வாயை மூடும்போது தாடை ஒரு பக்கம் வழுக்கிப் போவது. எதிரெதிர்ப் பற்கள் உரசி எனாமல் தேய்வது. எலும்புக்குள் சிக்கிய கோரைப்பல் பக்கத்துப் பல்லின் வேரைக் கரைப்பது. தூக்குப்பல் உள்ள பிள்ளைகள் விழுந்தால் முன்பல் உடைய வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஞானப்பல் விஷயம் மட்டும் தவறு. வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்குவது எல்லோருக்கும் நடக்கிறது, ஞானப்பல் இல்லாதவர்களுக்கும்தான். நெருக்கத்தைத் தடுப்பதற்காக ஞானப்பல் எடுப்பது வீண். அதிலேயே சொத்தையோ சீழோ இருந்தால் எடுக்கலாம்.

ஆவணி_முகூர்த்தம்:
குறுக்கே புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். 8 மாதத்தில் கல்யாணம். மேல் முன்பல் இரண்டு லேசாகத் திரும்பியிருக்கின்றன. நான்கு பல்லுக்கு கேப் போட்டால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்கிறார்கள்.

ஈறுமுதல்:
தயவுசெய்து வேண்டாம். முழு கேப்புக்கு நல்ல பல்லைச் சுற்றிலும் 1 முதல் 2 மி.மீ. வரை ராவி எடுக்கவேண்டும். ராவிய எனாமல் திரும்ப வளராது. பல் திரும்பியிருந்தால் ஒரு பக்கம் இன்னும் ஆழமாக ராவுவார்கள், நரம்பு பாதித்தால் வேர் சிகிச்சை. கேப்பும் காலத்துக்கும் நிற்காது, மாற்றும்போது மறுபடி ராவல். ஒரு வாரத்தில் முடிகிறது என்பதற்காக ஆரோக்கியமான நான்கு பற்களை ஆயுளுக்கும் நோயாளி ஆக்காதீர்கள்.

தாடைக்கணக்கு:
லேசாகத் திரும்பிய இரண்டு வெட்டுப்பற்களுக்கு 8 மாதம் பெரும்பாலும் போதும், பல் எடுக்கத் தேவையில்லை என்றால். எடுக்கவேண்டிய வாய் என்றால் கல்யாணம் முடிந்து ஆரம்பியுங்கள். 8வது மாதம் என்பது எடுத்த இடத்து இடைவெளி பாதி மூடியும் மூடாமலும் நிற்கிற காலம், சிரித்தால் தெரியும். இடைவெளி மாதத்துக்கு 1 மி.மீ. மூடினாலே நல்ல வேகம். போட்டோவுக்காக பிராக்கெட்டை (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சின்னப் பிடி) கழற்றி மறுபடி ஒட்டுவது முடியும். ஆனால் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் எனாமலுக்கு அடி.

காவிரிக்கரை:
அலைனரே வேண்டாம் என்கிறீர்களா? வெளியே தெரியாது, சாப்பிடும்போது கழற்றலாம் என்பதுதான் அதில் பிடித்தது.

தாடைக்கணக்கு:
வேண்டாம் என்று சொல்லவில்லை. அலைனர் ஒரு கருவி. லேசான நெருக்கம், சின்ன இடைவெளி, பல்லைச் சாய்ப்பது ஆகியவற்றில் நன்றாக வேலை செய்யும். உருளையான கோரைப்பல்லைத் திருப்புவது, பல்லைக் கீழே இழுப்பது, வேரை நகர்த்துவது ஆகியவற்றில் திணறும். பிளாஸ்டிக் தட்டுக்குப் பிடிமானம் வேண்டும் அல்லவா, அதற்குத்தான் பல்லில் பல் நிற கம்போசிட்டில் சின்ன மேடு ஒட்டுவார்கள், அட்டாச்மென்ட் என்று. முழுக்க வெளியே தெரியாது என்பது அத்தோடு போயிற்று.

ஒரு தட்டு சுமார் 0.25 மி.மீ. நகர்த்தும், 1 அல்லது 2 வாரம் போடவேண்டும். ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்கவேண்டும். நம் ஊர்க் கணக்கில் பாருங்கள்: மூன்று வேளைச் சாப்பாடு, காலையும் மாலையும் காபி, நடுவில் ஒரு வடை, ஒவ்வொரு முறையும் கழற்றி, வாய் கொப்பளித்து, துலக்கி, மறுபடி போடுவது. 16 மணி நேரத்துக்கு இறங்கிவிட்டால் அடுத்த தட்டு உட்காராது. தட்டோடு காபி குடித்தால் சர்க்கரை உள்ளேயே தேங்கி எனாமல் வெள்ளையாகப் பூக்கும், சூட்டில் தட்டும் நெளியும். வீடியோவில் காட்டுகிற நகர்வில் சராசரியாகப் பாதிதான் வாயில் நடக்கிறது என்று ஆய்வுகள் அளந்திருக்கின்றன. அதனால் கடைசியில் மறுபடி ஸ்கேன் எடுத்து இன்னொரு கட்டுத் தட்டு. அந்தக் கட்டு 1,60,000க்குள் அடங்குமா என்று கேளுங்கள். 11 மாதம் என்பது அதைச் சேர்க்காத கணக்காக இருக்கலாம்.

வடமராட்சி_லண்டன்:
வீட்டுக்குப் பெட்டி அனுப்பி, அச்சை நீங்களே எடுத்து அனுப்புங்கோ எண்டு சொல்லுற அலைனர் வியாபாரத்திலை மட்டும் மாட்டுப்படாதேங்கோ. அமெரிக்காவிலை ஸ்மைல் டைரக்ட் கிளப் எண்ட கம்பனி 2023 டிசம்பரிலை மூடினது, சிகிச்சை நடுவிலை இருந்த சனம் அந்தரிச்சுப்போச்சு. ஒருத்தரும் வாயைப் பாக்காமல், எக்ஸ்ரே எடுக்காமல் பல்லை நகர்த்திறது எண்டது நினைக்கவே பயமான விசயம்.

தொப்பூர்_அம்மா:
தர்மபுரி மாவட்டம். 8 வயசுப் பொண்ணு. மேல முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி, பல்லு ரெண்டும் விசிறி மாதிரி விரிஞ்சிருக்கு. பல்லுல பழுப்புக் கறையும் இருக்கு. இப்பவே கிளிப் போடணும்னு சொல்றாங்க. போடலாமா டாக்டர்?

தாடைக்கணக்கு:
அம்மா, 7 முதல் 12 வயது வரை பல பிள்ளைகளுக்கு இந்த விரிசல் இயல்பு. மேலே எலும்புக்குள் இறங்கிவரும் கோரைப்பற்கள் பக்கத்து வெட்டுப்பற்களின் வேரை அழுத்துவதால் பல்லின் நுனி வெளியே விரிகிறது. கோரைப்பல் முளைத்து இறங்கும்போது இடைவெளி பெரும்பாலும் தானாக மூடும். இப்போது கம்பி போட்டு இழுத்தால் வேர் போய் அந்தக் கோரைப்பல்லில் இடிக்கும். இதற்காக மட்டும் 8 வயதில் கிளிப் போடவேண்டாம். கீழே 2 மி.மீ. அளவுக்கு நெருக்கம் இருந்தாலும் இந்த வயதில் காத்திருக்கலாம்.

ஆனால் ஒரு முறை பல் சீரமைப்பு நிபுணரிடம் காட்டுங்கள், காரணம் வேறு. குறுக்குக்கடி இருக்கிறதா, விரல் சூப்பும் பழக்கம் தொடர்கிறதா, பால் பல் சீக்கிரம் விழுந்து இடம் மூடிக்கொள்கிறதா என்று பார்க்கவேண்டும். மேல்தாடை குறுகியிருந்தால் விரிப்பான் வேலை செய்வது இந்தப் பருவத்தில்தான்: சாவியால் ஒரு கால் சுற்று, 0.25 மி.மீ. விரியும். பதின்பருவம் முடிந்தபிறகு அது நடக்காது. 10 வயதில் மேல் ஈற்றின் வெளிப்பக்கம் விரல் வைத்துத் தடவினால் கோரைப்பல்லின் புடைப்பு இரண்டு பக்கமும் தட்டுப்படவேண்டும். தட்டுப்படாவிட்டால் எக்ஸ்ரே. கோரைப்பல் வழி தவறிப் போயிருந்தால், பால் கோரைப்பல்லை எடுத்துவிடுவதே பல நேரம் அதைத் திருப்பிவிடும்.

கீழ்த்தாடை பின்தங்கி மேல்பல் தூக்கியிருந்தால் கழற்றி மாட்டும் டுவின் பிளாக் போன்ற கருவிகள் உதவும். அதற்குப் பெண்பிள்ளை மளமளவென்று உயரும் காலம் சரியானது. முன்கூட்டியே தொடங்கினால் முன்பல் அடிபடும் ஆபத்து குறையும். அதைத் தவிர இரண்டு முறை சிகிச்சை செய்வதால் முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஈறுமுதல்:
பழுப்புக் கறை தண்ணீரில் உள்ள ஃபுளோரைடால் இருக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரில் அது அதிகம், ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. குடிக்கவும் சமைக்கவும் அந்தக் கூட்டுக்குடிநீரையே பயன்படுத்துங்கள். பின்னால் கிளிப் போடும்போது இதை டாக்டரிடம் நினைவூட்டுங்கள். இந்த எனாமலில் பிராக்கெட் சீக்கிரம் கழன்று விழும். சாதாரண எனாமலில் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை 30 விநாடி வைத்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகி பசை பிடிக்கும். ஃபுளோரைடு ஏறிய எனாமல் அமிலத்தை எதிர்க்கும், கூடுதல் நேரம் வைக்கவேண்டும் அல்லது எனாமலின் மேற்படலத்தை லேசாக உரசிவிட்டு ஒட்டவேண்டும்.

காவிரிக்கரை:
மெட்டல் கிளிப் போட்டால் 24 மாதத்தில் என்னென்ன கெடலாம்? ஒளிக்காமல் சொல்லுங்கள். செல்ஃப் லிகேட்டிங் (ரப்பர் வளையம் இல்லாமல் தானே கம்பியைப் பிடிக்கும் கிளிப்) என்றால் 6 மாதம் குறையும் என்கிறார்களே?

தாடைக்கணக்கு:
குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதிர்வுக் கருவிக்கும் இல்லை. வேகத்தை நிர்ணயிப்பது பல்லைச் சுற்றியுள்ள எலும்பு. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் சவ்வின் தடிப்பு 0.25 மி.மீ. தான். அதிகமாக இழுத்தால் அங்கே ரத்த ஓட்டம் நின்று திசு செத்துப்போகும், அதை உடம்பு அப்புறப்படுத்தும்வரை பல் நகரவே நகராது. "டாக்டர் இந்தத் தடவை டைட்டே பண்ணவில்லை" என்று குறைப்படவேண்டாம். 0.014 அங்குல நிக்கல் டைட்டானியம் கம்பி மெல்லியதாக இருப்பது வேண்டுமென்றே செய்வது. அது படிப்படியாகத் தடித்து 0.019க்கு 0.025 ஸ்டீல் கம்பிக்கு வரும்போதுதான் இடைவெளி மூடும் வேலை.

கெடக்கூடியவற்றில் அதிகம் பார்ப்பது பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் தழும்பு. பிராக்கெட்டுக்கும் ஈற்றுக்கும் நடுவே 2 மி.மீ. இடத்தில் பிரஷ் படாமல் மாவு தேங்கும், சில வாரத்திலேயே எனாமலில் சுண்ணாம்புச் சத்து இறங்கி வெள்ளையாகும். கிளிப் கழற்றும் நாளில்தான் பளிச்சென்று தெரியும். பிரஷ்ஷைச் சாய்த்து மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை, கம்பிக்கு அடியில் இடுக்கு பிரஷ், இரவில் 0.05 சதவீத சோடியம் ஃபுளோரைடு கொப்பளிப்பு.

அடுத்தது வேர் தேய்வது. பெரும்பாலோருக்கு 1, 2 மி.மீ. தேயும், தொல்லை இல்லை. சிலருக்கு அதிகமாகத் தேயும், முன்கூட்டியே முழுமையாகச் சொல்லமுடியாது. மழுங்கிய வேர், முன்பு அடிபட்ட பல் என்றால் கூடுதல் கவனம். 6 முதல் 9 மாதத்தில் முன்பற்களுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தேய்வு தெரிந்தால் 3 மாதம் இழுக்காமல் நிறுத்திவைக்கவேண்டும். இதைச் செய்வீர்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது, யாரும் சொல்லமாட்டார்கள். நீண்ட நாள் ஏறிக்கிடந்த கீழ்ப்பற்கள் நேரானதும் ஈற்றுக்கு அருகே முக்கோணக் கருப்பு இடைவெளி தெரியலாம். லேசான உரசலில் சரிப்படுத்தலாம், முழுதும் போகாது.

கல்லிடைக்குறிச்சி:
சாப்பாட்டுப் பக்கம் நான் சேர்க்கிறேன். முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய், கடித்துத் தின்னும் கரும்பு, எலும்பு கடிப்பது: பிராக்கெட் விழுவதில் பெரும்பங்கு இவற்றால்தான். ஒரு பிராக்கெட் விழுந்து ஒரு மாதம் ஒட்டாமல் விட்டால் அந்தப் பல் பழைய இடத்துக்குத் திரும்பும், கனமான கம்பியிலிருந்து மறுபடி மெல்லிய கம்பிக்கு இறங்கவேண்டும். ஆப்பிள், கொய்யாவை நறுக்கிப் பின்பல்லில் மெல்லலாம். செராமிக் (பல் நிற) பிராக்கெட் போடுபவர்கள் கவனிக்கவேண்டியது மஞ்சள்தூள். பிராக்கெட் நிறம் மாறாது, அதைக் கட்டும் வெள்ளை ரப்பர் வளையம் இரண்டு வேளைச் சாம்பாரில் மஞ்சளாகிவிடும். சாம்பல் நிற வளையம் கேட்டு வாங்குங்கள். கம்பி மாற்றிய முதல் இரண்டு நாள்தான் வலி உச்சம், இட்லியும் தயிர்சாதமும் போதும். வலிக்கு பாராசிட்டமால் நல்லது. இப்யூபுரூஃபன் தொடர்ந்து போட்டால் பல் நகர்வதே மெதுவாகும்.

அச்சு_வார்ப்பு:
பல் லேபில் ரிடெய்னர் (கிளிப் கழற்றியபின் பல்லை அதே இடத்தில் நிறுத்திவைப்பது) செய்கிற பக்கத்திலிருந்து பேசுகிறேன். கிளிப் கழற்றியதோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் தயவுசெய்து தொடங்கவே வேண்டாம். பல்லைச் சுற்றியுள்ள ஈற்று நார்கள் புது இடத்துக்குப் பழக ஒரு வருடம் வரை ஆகும், அதுவரை பழைய இடத்துக்கு இழுக்கும். அதற்குப் பிறகும் வயதால் நெருங்கும். ஆகவே ரிடெய்னர் ஆயுளுக்கும்.

கண்ணாடித் தட்டு மாதிரி இருப்பது மெல்லியது, தெரியாது. பல் கடிப்பவர்களுக்கு ஒரு வருடத்திலேயே விரிசல் விடும், மற்றவர்களுக்கு இரண்டு மூன்று வருடம். வெந்நீரில் கழுவினால் நெளிந்துவிடும், டிஷ்யூவில் சுற்றி ஓட்டல் மேசையில் வைத்தால் குப்பைக்குப் போய்விடும். ஹாலி என்கிற கம்பியும் அக்ரிலிக்கும் சேர்ந்தது உழைக்கும், உடைந்தால் ஒட்டலாம், பேச்சு சில நாள் குழறும். கீழே உள்பக்கம் கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல் வரை முறுக்குக்கம்பி ஒட்டுவது மூன்றாவது. அதில் காரை படியும், 6 மாதத்துக்கு ஒரு முறை க்ளீனிங் கட்டாயம். ஒரு பல்லில் மட்டும் பசை விட்டுப்போனால் வெளியே தெரியாது, அந்தப் பல் மெல்ல விலகும். நாக்கால் தினமும் தடவிப் பாருங்கள். முதல் 6 மாதம் சாப்பிடும்போது தவிர எப்போதும், பிறகு இரவில் மட்டும் என்பது பொதுவான வழக்கம்.

இறுதி மாடலின் ஸ்கேன் ஃபைலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தட்டு உடைந்தாலோ தொலைந்தாலோ, பல் இன்னும் நகராத நிலையில், அந்த ஃபைலிலிருந்தே எந்த ஊரிலும் அச்சுப் போட்டுத் தட்டு செய்துவிடலாம்.

கல்லிடைக்குறிச்சி:
செலவு முட்டுகிறவர்களுக்கு: சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்குத் தனித் துறை உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் முதுநிலை மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், செலவு வெளியே ஆவதைவிடக் குறைவு. அங்கே ஒவ்வொரு முறையும் அரைநாள் ஒதுக்கவேண்டும். மாணவர் 3 வருடப் படிப்பு முடித்துப் போனால் உங்கள் கேஸ் அடுத்தவர் கைக்கு மாறும், அதனால் அவர் எந்த வருடம் படிக்கிறார் என்று கேளுங்கள். வெளியே போவதென்றால் எம்.டி.எஸ். ஆர்த்தோடான்டிக்ஸ் (பல் சீரமைப்பில் முதுநிலைப் பட்டம்) படித்தவரா, அவரே ஒவ்வொரு மாதமும் பார்ப்பாரா, இல்லை மாதம் ஒரு நாள் வந்து போகிறவரா என்று விசாரியுங்கள்.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. அலைனருக்குக் கேட்ட முன்பணத்தைக் கட்டவில்லை. முதலில் ஈறு மருத்துவரிடம் அளவெடுத்துச் சுத்தம் செய்கிறேன். ரத்தம் நின்றபிறகு, வலது கோரைப்பல்லின் விலகலை அளக்கச் சொல்லி, செஃபலோகிராமைக் காட்டி மூன்றாவதாக ஒருவரிடம் கேட்கலாம் என்று இருக்கிறேன். முதலாமவரிடம் இரண்டாவது முன்கடைவாய்ப்பல் கேள்வியையும் கேட்கிறேன். ஒரு வருடத்தில் வெளிநாட்டு வேலைக்குப் போகும் வாய்ப்பு இருக்கிறது, அதை இப்போதே சொல்லவேண்டுமா?

தாடைக்கணக்கு:
கட்டாயம் சொல்லுங்கள், அதுதான் இந்த இழையிலேயே பெரிய தகவல். பல் எடுத்து, இடைவெளி பாதி மூடிய நிலையில் நாடு மாறினால் அங்கே எடுத்துச் செய்ய ஆள் கிடைப்பது கடினம், கிடைத்தாலும் முழுக் கட்டணம் கேட்பார்கள். வேலை உறுதியாகும்வரை பல் எடுக்கவேண்டாம். ஈற்றைச் சரிசெய்துகொண்டு காத்திருப்பதால் 27 வயதுப் பல்லுக்கு எந்த நஷ்டமும் இல்லை, 30இலும் இதே கணக்குதான். எக்ஸ்ரே, போட்டோ, மாடல் எல்லாவற்றின் சாஃப்ட் காப்பியையும் இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். செஃபலோகிராம் இருக்கும்போது மூன்றாவது டாக்டருக்காக இன்னொன்று எடுக்கத் தேவையில்லை.

ஈறுமுதல்:
க்ளீனிங் முடிந்து 6 வாரம் கழித்து வரும் இரண்டாவது அளவை இங்கே போடுங்கள், கீழ் முன்பற்கள் 6க்கும் வெளிப்பக்க எண்கள் மட்டும் போதும்.